சுவர் நிறத்தில் ஒரு கதவு

— பொய் சொல்லாதீங்கப்பா. தனியா இருக்கிற மனுஷன் பாத்ரூம் கதவுக்குப் பளீர்னு மஞ்சள் அடிப்பாரா?

— ஏன், மஞ்சளுக்கு என்ன கேடு? உன் கடை போர்டே மஞ்சள்தானே.

— அது கடை. ரோட்டுல போறவங்க கண்ணுல படணும்னு அடிக்கிறது. இங்க யார் கண்ணுல படணும்?

— என் கண்ணுலதான். வயசாகுதுல்ல அம்மாடி.

— நின்ன இடத்துலருந்தே எதிர்வீட்டுக் காலண்டர்ல தேதி பாக்குற ஆளு நீங்க. உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சா?

— அட, கதையைக் கேளு. பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு அடிச்சேன்.

— எதுல மிச்சம்? எந்தக் கடையில வாங்கினது? எந்த ரூமுக்கு எந்த ஷேடுன்னு பெயிண்ட் கடை கவுண்ட்டர்ல நின்னு ஊருக்கே சொல்றவ நான். என்னைப் பெத்தவர் எனக்குத் தெரியாம அடுத்த தெருக் கடையில போய் டப்பா தூக்கிட்டு வந்திருக்கார். அந்தக் கடைக்காரன் போன் பண்ணி, "என்ன மேடம், அப்பா வீட்டுல விசேஷமா?"ன்னு இழுக்குறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— அவனுக்கு வேற வேலை இல்ல. காபி போடட்டுமா?

— பேச்சை மாத்தாதீங்க. நானே போட்டுக்கிறேன். இதென்ன, தட்டெல்லாம் எங்க?

— கண்ணு முன்னாடிதானே அடுக்கியிருக்கு.

— நம்ம வெள்ளைத் தட்டுங்க எங்கேன்னு கேட்டேன். இதெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. டம்ளர்கூட சிவப்பு. சிவப்பு என்ன பண்ணும்னு தெரியுமா உங்களுக்கு? ரத்தத்தைச் சூடாக்கும். பசியைக் கிளப்பும். ஓட்டல்காரங்க வந்தா அதைத்தான் எடுத்து நீட்டுவேன். பெட்ரூமுக்குச் சிவப்பு வேணும்னு ரெண்டு பேரு சேர்ந்து வந்தா, "புதுசாக் கல்யாணமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பேன்.

— சண்டை போட்டுக்கிட்டு வந்தா?

— வெளிர் நீலம். மனசு அடங்கும். போன வருஷம் அப்படி ஒரு ஜோடிக்குக் கொடுத்தேன்.

— அடங்கிச்சா?

— அடங்கிச்சு. இந்த வருஷம் ஆளுக்கு ஒரு வீடு, தனித்தனியா ஷேடு கேட்டு வந்தாங்க. சிரிக்காதீங்கப்பா. ரூம் கதவு ஏன் சாத்தியிருக்கு?

— கொசு.

— பட்டப்பகல்ல?

— இப்பல்லாம் கொசு நேரங்காலம் பாக்குதா?

— முப்பது வருஷம் பஸ்ல ஏறி டிக்கெட் செக் பண்ணினவர் நீங்க. மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவேன்னு பெருமை பேசுவீங்க. இப்ப உங்க மூஞ்சி டிக்கெட் இல்லாதவன் மூஞ்சி மாதிரியே இருக்கு.

— செக்கர் பொண்ணு செக்கர். சரி, பாலை அடுப்புல வை.

— வைக்கிறேன். அது காயுறதுக்குள்ள இதைச் சொல்லுங்க. ஜன்னல் மேல கிடந்த சீப்பு இது. சுத்தியிருக்கிறது நீள முடி. நரைச்ச முடி.

— சீப்புன்னா முடி இருக்கத்தானே செய்யும்.

— உங்க மண்டையில ஒத்தை முடி இல்லையேப்பா!

— அதை இப்படிக் கொடு.

— சரி விடுங்க. வயசுக்கேத்த ஆளாத்தான் பாத்திருக்கீங்க. யாரு? அந்த லைப்ரரி அம்மாவா?

— வாயைக் கழுவு. அந்தம்மா புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்க லேட்டானாலே என்னைக் கழுவி ஊத்தும்.

— நான் குத்தம் சொல்லலப்பா. இத்தனை காலம் ஒண்டிக்கட்டையா இருந்துட்டீங்க. துணைக்கு ஒருத்தங்க வந்தா முதல்ல சந்தோஷப்படுறவ நான்தான். நீங்க மறைக்கிறீங்க பாருங்க, அதுதான் மனசைக் குடையுது.

— மறைக்க என்ன இருக்கு?

— கதவையே மறைச்சு வச்சிருக்கீங்களே!

— எந்தக் கதவு?

— வாசக் கதவு. வெளியிலருந்து பாத்தா பழைய மரக்கலர்தான். உள்ள வந்து சாத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன், கதவையே காணோம். சுவருக்கு அடிச்ச அதே சாம்பல். நிலைக்கும் அதே, கைப்பிடிக்கும் அதே. தாழ்ப்பாளைக் கழட்டித் தலைக்கு மேல வச்சிருக்கீங்க. கீழ உள்பக்கமா ஒரு கறுப்பு மிதியடி. குழி மாதிரி கிடக்கு. அதைத் தாண்டி வர எனக்கே கால் கூசிச்சு. வீட்டுக்குள்ள வர்றவங்களை வான்னு சொல்ற நிறமா அது? வெளிய போறவங்களைப் போகாதேன்னு சொல்ற நிறம்.

— மெதுவாப் பேசு.

— ஏன்? யார் காதுல விழும்?

— மெதுவான்னா மெதுவா.

— எதிர்வீட்டு டெய்லரக்கா நேத்து கடைக்கு வந்தாங்க. பெயிண்ட் வாங்க வரல. சாயங்காலமானா இந்த வீட்டுல ஒரு பொம்பளை அழுற சத்தம் கேக்குதாம். "விடுங்க, நான் போகணும்"னு சுவரைத் தட்டுற சத்தமாம். டிவியா இருக்கும்னு அவங்களே சமாதானமும் சொல்லிக்கிட்டாங்க.

— டிவிதான்.

— டிவி ரிப்பேர், மெக்கானிக் வரவே மாட்டேங்கிறான்னு என்கிட்ட புலம்பினது யாரு?

— அம்மாடி...

— மொதல்ல உங்களுக்கு ஏதோ பழக்கம்னு நினைச்சு வந்தேன். இங்க வந்து பாத்தா வேற மாதிரி இருக்கு. யாரை அடைச்சு வச்சிருக்கீங்க? நீங்களாச் சொல்றீங்களா, இல்ல நான் போலீசைக் கூப்பிடவா?

— ஸ்டேஷனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. உக்காரு.

— நின்னுக்கிட்டே கேக்குறேன்.

— உள்ள தூங்குறது உங்கம்மா.

— என்னது?

— அடுப்பை அணை. பால் பொங்குது.

— எந்த அம்மா?

— உனக்கு எத்தனை அம்மா?

— எனக்கு அம்மாவே கிடையாது. மூணாங்கிளாஸோட முடிஞ்சுபோச்சு. இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே.

— நான்தான் சொன்னேன்.

— அப்புறம்?

— அவ யார்கூடப் போனாளோ அந்த ஆளு செத்துட்டான். அவனோட ஆளுங்க இவளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் உக்கார வச்சுட்டு அப்படியே நழுவிட்டாங்க. மறதி வியாதி. பேரு கேட்டா முழிக்கிறாளாம். வீடு எங்கன்னு கேட்டா மட்டும் இந்த அட்ரஸைக் கதவு நம்பரோட கடகடன்னு சொன்னாளாம். நர்ஸம்மா போன் பண்ணாங்க. போனேன்.

— போய்க் கூட்டிட்டு வந்துட்டீங்க.

— பாத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். அங்க வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறு போட்டு முன்னாடி வச்சிருந்தாங்க. இவ வெறும் தட்டு வச்சிருக்காங்கன்னு சும்மா உக்காந்திருந்தா. கண்ணு நல்லாத்தான் இருக்காம், மூளைக்குத்தான் தட்டு வேற சோறு வேறன்னு பிரிக்கத் தெரியலையாம். சிவப்புத் தட்டுல போட்டுப் பாருங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அள்ளி அள்ளிச் சாப்பிட்டா. நீ சிவப்புன்னா ஆசைங்கிற, சூடுங்கிற. எனக்கு அது நாலு வாய் சோறு, அவ்வளவுதான்.

— அப்ப அந்த மஞ்சள்...

— அது ஒண்ணுதான் பாத்ரூம்னு அவளுக்கு அடையாளம். முதல் வாரம் அலமாரியைத் திறந்து... அதை விடு. கறுப்பு மிதியடி அவளுக்கு நிஜமாவே குழிதான். கிட்ட வந்து நின்னு எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவா. கதவும் சுவரும் ஒரே நிறமா இருந்தா, அவளுக்குக் கதவே கிடையாது.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கலர் சொல்றது என் பொழைப்பு.

— எப்படிக் கேப்பேன்? "உன்னை விட்டுட்டுப் போனவளுக்கு ஒரு நல்ல ஷேடு எடுத்துக்கொடு"ன்னா?

— எனக்கு ஜடை பின்னிவிட ஆளில்லாம நீங்க ஆம்பளப்பிள்ளை மாதிரி கிராப்பு வெட்டிவிட்டீங்க. கிளாஸ்ல எல்லாரும் கூப்பிட்டு வச்சு சிரிச்சாங்க. அன்னைக்கு அவ பச்சைக் குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருமுனையில திரும்பினாளாம். டெய்லரக்கா பாத்துச் சொன்னது. இன்னைக்கும் கடையில யாராவது பச்சை கேட்டு வந்தா நான் தண்ணி குடிக்கிற சாக்குல நகர்ந்துடுவேன், பக்கத்துப் பொண்ணு பாத்துக்கும். பச்சை மனசுக்கு ஆறுதல்னு அச்சடிச்சே வச்சிருக்காங்க. எனக்குப் பச்சையைப் பாத்தா அந்தக் குடைதான் தெரியுது. சொல்லாம கொள்ளாம ஓடினவளுக்கு வீடு பூராவும் வானவில்லா?

— உனக்கு மட்டுமா கோபம்? அவ திரும்பி வந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு எத்தனை வருஷமா வார்த்தையைச் சேர்த்து வச்சிருந்தேன் தெரியுமா? பல்லு தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பாத்திருக்கேன். வந்து இறங்கினது வேற ஆளு. என்னை லாட்ஜ் மேனேஜர்னு நினைச்சுக்கிட்டு, "சார், ரூமைக் காலி பண்ணணும், சாவி யார்கிட்ட கொடுக்கிறது?"ங்கிறா. நான் யாரைத் திட்டுறது?

— அப்படி காலி பண்ணிட்டு எங்க போகணுமாம்? அழுது சுவரைத் தட்டுற அளவுக்கு?

— அது... மறதிக்காரங்க பேச்சு. அதுல என்ன இருக்கு?

— கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. அந்த ஆளுகிட்டத்தானே?

— காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பு அம்மாடி. அவ எழுந்துக்கிற நேரம்.

— பாத்தீங்களா, இப்பவும் மறைக்கிறீங்க! அந்த ஆளுகிட்டப் போகணும்னுதான் அழுறா. அதைக் கேட்டுக்கிட்டு நீங்க தட்டுல சோறு போடுறீங்க. உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையாப்பா?

— கத்தாதே.

— கத்தல. போறேன். ரெண்டு பேரும் நல்லா இருங்க. இந்த எழவு கைப்பிடி எங்க இருக்கு?

— இன்னும் வலப்பக்கம். தள்ளி நில்லு, நான் திறக்கிறேன்... ஐயோ, எழுந்து வந்துட்டா.

— மேனேஜர் சார், என்ன சத்தம்? யாரு இந்தப் பொண்ணு?

— ஒண்ணுமில்ல, நீங்க உள்ள போங்க. இவங்க இப்பக் கிளம்பிடுவாங்க.

— ஏம்மா, நீயும் இங்க தங்க வந்தியா? வேண்டாம்மா. இவர் நல்லவர்தான், குறை சொல்லக் கூடாது. வேளாவேளைக்குச் சோறு போடுறார். ஆனா வெளிய மட்டும் விட மாட்டார். கதவை எங்கேயோ எடுத்து ஒளிச்சு வச்சுட்டார்.

— அப்பா, இது... இவங்க இவ்வளவு சின்னதா ஆயிட்டாங்களா?

— நான் சொன்னா கேளு. நீ கிளம்பு.

— சும்மா இருங்கப்பா. இங்க பாருங்கம்மா, நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. வெளிய விட்டா யார்கிட்டப் போவீங்க?

— வேண்டாம் அம்மாடி, கேக்காதே. உன்னால தாங்க முடியாது.

— இந்த மேனேஜர் இப்படித்தான், யாரையும் பேச விட மாட்டார். மணி என்னம்மா ஆச்சு? ஸ்கூல் விட்டிருப்பாங்களே, என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல ஒத்தையா நின்னுக்கிட்டிருப்பாளே. கதவு எங்கேன்னு மட்டும் காட்டிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். நான் அவகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம வந்துட்டேன்.