ஐந்தில் ஒன்று பச்சை

நான் அடிப்படையில் சோம்பேறி, மேடம். ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்யச் சொன்னால் உடம்பு வணங்காது. எங்கள் தொழிலில் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சோம்பேறிதான் மெஷினுக்கு வேலை கற்றுக்கொடுப்பான் என்று முதுகில் தட்டிக்கொடுப்பார்கள்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு அண்ணிக்குத் தீர்ப்பு. ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறார். அதற்கு முன் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று பட்டது. இதுவரை நான்கு தடவை நீங்கள் கூப்பிட்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்று நானாக வந்திருக்கிறேன். அதே நாற்காலிதான் போட்டிருக்கிறீர்கள். ஒரு கால் குட்டை. பரவாயில்லை, பழகிவிட்டது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல் மாடியில். பதினான்கு பேர். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து இறக்குவார்களே, அந்தச் சின்ன மெஷினுக்கு மூளை எழுதுவது எங்கள் வேலை. நோயாளியின் எடையை நர்ஸ் தட்டினால், எவ்வளவு மருந்து, என்ன வேகம் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். எல்லாம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. பெயர்தான் மலைப்பாம்பு. சாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். சொல்லாததைச் செய்யாது.

அண்ணியை அங்கே வேலைக்குச் சேர்த்தது நான்தான். நாங்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பொருத்தமான ஆள். எதைக் காட்டினாலும் "ஏன்?" என்பார். மழை வந்தால் ஏன், நின்றால் ஏன். ஆபீஸில் அவருக்கு 'ஏன் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. நாற்பது பக்கக் காகிதப் பட்டியலை வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். ஒரு புது வடிவம் வெளியே போக இரண்டு முழு நாள்.

அந்த இரண்டு நாளை நான் பதினோரு நிமிஷமாக்கினேன்.

யார் ஒரு வரியைத் திருத்தினாலும் சரி, ஆபீஸ் கம்ப்யூட்டர் தானே எழுந்து, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டி, நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் சுவரில் பச்சை விளக்கு. ஒன்று தவறினாலும் சிவப்பு. முதல் பச்சை எரிந்த அன்று முதலாளி எனக்குக் கை கொடுத்தார். அண்ணி மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது சொல்றது சரின்னு யார் சோதிப்பா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேனே அண்ணி."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு கழுதை வந்தது. துணிப் பொம்மை, சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். யார் கைபட்டுச் சிவப்பு எரிகிறதோ அவர் மேசையில் கழுதை உட்காரும். பச்சை வரும்வரை நகராது. முதலாளியின் யோசனை. விளையாட்டுதான். ஆனால் மேடம், பதினான்கு பேர் இருக்கும் ஒரு ஹாலில், கட்டிடம் கட்டியவன் தலையிலேயே அடிக்கடி ஓடு விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அப்படித்தான் விழுந்தது. காரணம், இருநூற்று முப்பத்தேழாம் சோதனை. அண்ணி எழுதச் சொல்லி நான் எழுதியது. நர்ஸ் எடையைத் தவறாகத் தட்டிவிட்டு உடனே திருத்தினால், மெஷின் புது எடைக்குக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்கும். ஒரு நிமிஷச் சோதனை. அது மூன்றில் ஒரு தடவை தவறும். மற்ற இரண்டு தடவை தேறும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். காலையில் பச்சை, மதியம் சிவப்பு.

ஒரே மாதத்தில் ஏழு தடவை கழுதை என் மேசைக்கு வந்தது.

"கழுதைக்கு நீங்கதான் அப்பான்னு ஊரே பேசிக்குது," என்றாள் எதிர் மேசைப் பெண். "முகஜாடை கூட வந்துருச்சு."

முதலாளி போகிற போக்கில், "வாடகை வாங்குப்பா அதுகிட்ட," என்றார்.

நானும் சிரித்தேன். யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. சோதனைதான் கிறுக்கு, நிரல் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் முதலில் அப்படித்தான் முடிவு செய்வார்கள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு நான்கே நான்கு வரி எழுதினேன். ஒரு சோதனை தவறினால் மறுபடி ஓட்டு. ஐந்து தடவை வரை ஓட்டு. அதில் ஒன்று தேறினால் பச்சை. தேறியதை மட்டும் பதிவில் காட்டு, முன்னால் தவறியதைக் காட்டாதே.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் தவற, இருநூற்று நாற்பத்து மூன்றில் ஒரு வாய்ப்பு. கழுதை அதற்குப் பிறகு என் மேசைக்கு வரவில்லை. ஹாலில் எல்லார் முகமும் தெளிந்தது. நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

அண்ணி அன்றைக்கு லீவு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு வாரம் கழித்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் நோட்டு. பென்சில் காலத்துப் பழக்கம், விளக்கு எரிய எத்தனை நிமிஷம் ஆனது என்று தினமும் குறித்து வைப்பார்.

"தம்பி, பதினோரு நிமிஷ வேலைக்குச் சில நேரம் பன்னெண்டு ஆகுது. நேத்து பதிமூணு. ஏன்?"

"மெஷின் சூடாகியிருக்கும் அண்ணி."

"ஏன் சூடாகணும்? முன்ன ஆகலையே?"

"வெயில் காலம்."

"ஏசி ஓடுதேடா."

"அண்ணி, உங்களுக்கு ஏன்னு கேட்கக் காசா பணமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் புது வடிவத்தை வெளியே அனுப்பும் நாளில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சோதனை பார்த்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து வேண்டும். அந்த இருநூற்று முப்பத்தேழாம் சோதனையை மட்டும் ஒரு தடவை கையால் பார்த்துவிடுகிறேன் என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான் சொன்னேன், "மெஷினை நம்பலன்னா பரவாயில்ல. என்னை நம்பலையா அண்ணி?"

போட்டுவிட்டார். நம்பாமல் என்ன செய்வார், மேடம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் மெஷினை மாட்டியிருந்த குழந்தையைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஒன்பது மாதம். எடை ஏழு கிலோ. நர்ஸ் முதலில் பதினேழு என்று தட்டிவிட்டு, அப்போதே ஏழு என்று திருத்தியிருக்கிறார். திரையில் ஏழு நின்றது. மருந்து பதினேழுக்கு இறங்கியது. மதியம் இரண்டு பத்துக்கு முடிந்துவிட்டது. அந்த வார்டில் மெஷினை ஒரு தடவைதான் ஓட்டினார்கள்.

நீங்கள் என்னை முதல் தடவை கூப்பிட்டபோது, நர்ஸ் திருத்த மறந்திருப்பார் என்றேன். மூன்று வாரம் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மெஷினின் உள்பதிவைப் பார்த்துத் திருத்தியது உண்மை என்று தெரிந்ததும், இரண்டாம் தடவை கூப்பிட்டீர்கள். சோதனைகள் எல்லாம் பச்சை, எங்கள் பக்கம் தவறில்லை என்றேன். அதுவும் பொய் என்று சொல்ல முடியாது. பச்சைதான் எரிந்தது.

அன்று திரும்பிப் போய்த்தான் பதிவேட்டைத் திறந்தேன்.

எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். அதைப் பராமரிப்பவன் நான். யார்மேலும் பழி போட நான் உட்காரவில்லை, நம்புங்கள். என் பெயரை எடுக்க மட்டும்தான் உட்கார்ந்தேன். ஆனால் பெயர் இல்லாமல் ஒரு வரியை அது ஏற்காது. யாராவது ஒருவர் வேண்டும் என்று நின்றது. பட்டியல் விரிந்தது. முதல் பெயர் அண்ணியுடையது.

தேதியை மாற்றவில்லை. முன்னும் பின்னும் மற்றவர்கள் எழுதியது வரிசையாக இருந்தது, கலைத்தால் தெரிந்துவிடும். பொய் சொன்னாலும் அளவாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் தடவை வந்தபோது, நான்கு வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். யார் எழுதியது என்று பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும் என்றேன். நீங்களே திறந்து பார்த்தீர்கள். வரியும் அண்ணி பெயரில், கையெழுத்தும் அண்ணியுடையது. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் செய்திருப்பார் என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"டேய், அவ செஞ்சிருப்பாளாடா?"

"மனுஷங்கதானே அண்ணே. அவசரத்துல கை தவறும்."

என் தோளில் கை வைத்து, "நீ இருக்கேங்கற தைரியம்தான்டா எனக்கு," என்றான். கனமான கை.

நான்காம் தடவை. அண்ணியின் வக்கீல் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அண்ணி ஆபீஸிலேயே இல்லை; எங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்தார் என்றார். அம்மாவும் வந்து சொன்னாள், "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் கையை விடல அவ."

நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்டீர்கள். ஆபீஸுக்கு வரத் தேவையில்லை, லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் எழுதலாம் என்று விளக்கினேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை, பாதி மயக்கம், பக்கத்தில் இருந்தவர் மடியில் என்ன வைத்திருந்தார் என்று அம்மா எப்படிப் பார்த்திருக்க முடியும் என்றும் கேட்டேன். ஒரு கையால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டலாம், நான்கு வரிதானே என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து, சொந்த அண்ணி என்றும் பாராமல் உண்மையைச் சொல்கிறீர்கள் என்றீர்கள். அம்மா அதன் பிறகு என்னிடம் பேசுவதில்லை. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது அவளுக்கு.

ஆபரேஷனுக்கு அம்மாவோடு போக வேண்டியவன் நான், மேடம். முந்தின நாள் சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன், "நாளைக்கு ஆபீஸ்ல ஒரு அவசர வேலை, நீங்க போறீங்களா?" அவர் ஏன் என்று கேட்காத ஒரே தடவை அது. அவசர வேலை, அந்த நான்கு வரி.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். மெலிந்திருந்தார்.

"இப்ப எத்தனை நிமிஷம் ஆகுது தம்பி?"

"பதினொண்ணு அண்ணி."

"எப்பலேர்ந்து பன்னெண்டு, பதிமூணு ஆச்சுன்னு என் நோட்டுல இருக்கு. ஆபரேஷனுக்கு மறுநாள்லேர்ந்து. நான் அன்னைக்கு எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேர்ந்தும் எழுதலாம்னு நீதான் சொன்னியாமே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பயப்படாத. ஏன்னு கேட்கமாட்டேன்," என்றார். திரும்பி நடந்துவிட்டார். பார்க்கும் நேரம் இன்னும் எட்டு நிமிஷம் மீதி இருந்தது. நான் எட்டு நிமிஷமும் நின்றேன். அவர் கேட்டிருந்தால் பதில் இருந்தது என்னிடம். கேட்காமல் போனதும்தான் இருந்த பதில் எல்லாம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ராத்திரி அந்தக் குழந்தையின் எடை எவ்வளவு இருக்கும் என்று பார்க்க, சமையலறையில் ஏழு கிலோ தண்ணீரை வாளியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் தூக்கிவிடலாம்.

சாட்சி வேண்டும் என்பீர்கள். நகல் எடுத்து வைக்காமல் எதையும் அழிப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. என் பெயரோடு இருந்த பழைய பதிவேடு ஒரு பென் டிரைவில் இருக்கிறது. கழுதை இப்போது நிரந்தரமாக என் மேசையில்தான். விளையாட்டு எல்லாம் நின்றுபோய், யாரும் அதை எடுத்துக்கொள்ள வரவில்லை. அதன் வயிற்றுத் தையலைப் பிரித்தால் பென் டிரைவ் கிடைக்கும். வெள்ளை நூல், நான் தைத்தது.

ஆக, அந்த நான்கு வரியை எழுதியவன் நான். பெயரை மாற்றியவனும் நான். குழந்தை போனதற்கும், அண்ணி உள்ளே இருப்பதற்கும் வேறு யாரும் காரணமில்லை. நிதானமாகத்தான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள், மேடம். நான்கு தடவை தவறினாலும் ஐந்தாவதில் உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா. கோப்பில் இதை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் சொன்ன நான்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்று தேறினால் போதும்.