துணியை விட்டுப் போன கை

மாலை ஏழு மணி. ஹேமெய் வாய்க்கால் சாலை... ஆவிகள் வெளியே உலவுகிற ஏழாம் மாதத்தில் அந்த நேரத்துக்கு அங்கே நாய்கூட நடக்காது. கிட்ட வாருங்கள் கண்ணுகளா, பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது என் சிநேகிதியின் நாத்தனார் பாவ்சூவுக்கு நடந்தது.

ஸ்கூட்டரில் தனியாக ஆலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஆவிகளுக்கு எரித்த காகிதத்தின் புகை. அவள் நெஞ்செல்லாம் கோபம்.

அந்த ஆலையில் துணிமேல் கரிப்பசை பூசி உலர்த்துவார்கள். மின்சாரம் விட்டால் துணி முழுக்கச் சூடேறும். குளிர்காலத்தில் தொழிற்சாலைக் குழாய்களுக்குச் சுற்றுவது அது. வெப்பம் காட்டும் கேமராவில் பார்த்து, சரியா இல்லையா என்று சொல்வது பாவ்சூவின் வேலை. வாங்கியவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடுவில் உள்ளங்கை அளவு ஓரிடம் சூடேறவே இல்லையாம்.

"இன்னொரு தடவை திரும்பி வந்தா, நீ வீட்டோட இருந்துக்கோ" என்றுவிட்டார் முதலாளி.

பசை காயுமுன் யாரோ கை வைக்கிறார்கள். யார்? பூச்சு இயந்திரத்தில் நிற்கிற சின்ஹோதான் என்று பாவ்சூவுக்குச் சந்தேகம். அவளைக் கிளப்பிவிட்டுத் தன் கொழுந்தியாளை அங்கே உட்காரவைக்கப் பார்க்கிறான்...

ஆலையில் அவன் மட்டும் இருந்தான்.

"என்னக்கா, பேய்க்குப் படையல் வெக்கிற நேரத்துல வந்திருக்கீங்க? உங்களைத்தான் முதல்ல சாப்பிடும்."

"உன்னைத் தின்னா அதுக்கு வயித்துவலி வரும். துணியை விரி."

"விரிக்கிறேன். பின்னாலேர்ந்து யாராச்சும் தட்டினா மட்டும் திரும்பிடாதீங்க. பேயை அண்டவிடாம நம்ம தோள்ல எரியுற விளக்கு அணைஞ்சுடும்."

"இந்த நடிப்பெல்லாம் வேற ஆள்கிட்ட வெச்சுக்கோ."

மின்சாரம் விட்டாள். உம்ம்ம்... என்று மெல்லிய இரைச்சல். காய்ந்த ரப்பர் வாடை. திரையில் துணி செக்கச்செவேலென்று தெரிந்தது. நடுவில்... சூடேறாமல் கறுப்பாக ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக.

"வை உன் கையை!"

வைத்தான். அவன் கை அதைப்போல் இரண்டு மடங்கு. அப்போதும் அவள் நம்பவில்லை. வேறு யாரையாவது கூட்டிவருகிறானோ?

மறுபடி திரையைப் பார்த்தாள். கறுப்புக் கையைக் காணோம். துணி ஒரே சீராகச் சிவந்து கிடந்தது. அப்பாடா... வேலை பிழைத்தது.

வலத் தோளில் ஒரு தட்டு. ஈரத்துணி பட்ட மாதிரி, ஜில்லென்று.

"எடுடா கையை!" என்று சட்டென்று திரும்பினாள்.

யாருமில்லை.

"அக்கா..." மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சின்ஹோவின் குரல். "நான் இங்க இருக்கேன்."

கேமராவை அவள் பக்கம் திருப்பினான். முகம் சிவப்பு. இடத் தோள் சிவப்பு. வலத் தோளில்... அந்தக் கறுப்புக் கை.

அதன் பிறகு ஒரு துணிகூடத் திரும்பி வரவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம். பாவ்சூ மட்டும் இப்போதெல்லாம் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள்.

போன வாரம் சின்ஹோ கேமராவைத் துடைத்துவிட்டு, சும்மா அவள் பக்கம் பிடித்துப் பார்த்தானாம். இடத் தோளின் மேல் நான்கு விரல் நுனிகள்...

சுவருக்குள்ளிருந்து.