தண்ணீரில் குற்றமில்லை

கடலை எண்ணெயில் தாளிக்கிற வாசனை வந்தாலே எனக்கு இன்னும் ஒரு கை சோறு கூட இறங்கும் ஐயா. ஏரல் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அந்த எண்ணெயைத்தான் எழுபத்து நாலில் தூத்துக்குடி கம்பெனியின் கழிவுநீரிலும் ஊற்றினேன்.

நான் அங்கே கெமிஸ்ட். கழிவுநீரில் கார்பாலிக் அமிலம், ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிற அதே சரக்கு, கலந்திருந்தது. அது கடலில் விழுந்து மீன் செத்து ஒதுங்கியது. சங்கு குளிக்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் வெந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கழிவுநீரில் எண்ணெயை விட்டுக் கலக்கினால் விஷம் எண்ணெய்க்குள் ஏறிக்கொள்ளும். எண்ணெய் மேலே மிதக்கும்; கீழே நிற்பது நல்ல தண்ணீர். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் விஷம் எங்கும் போய்விடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகச் சேர்ந்தது. எரித்தால் புகை, புதைத்தால் ஊர்க் கிணறு கெடும். இதை ஒழிக்க வழியில்லையென்றால் கழிவைப் பழையபடி கடலிலேயே விடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ரோச் என்று ஒருவன் கம்பெனிக்கு வந்தான். சங்கு குளிக்கிறவன், பழைய புண் ஆறாத உடம்பு. முங்குவதற்கு முன் மேலெல்லாம் எண்ணெய் தேய்த்து, காதிலும் இரண்டு சொட்டு விடுவது அவர்கள் வழக்கம். பீப்பாயை மோந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரி வாடைல்லா அடிக்கி. மருந்தெண்ணெயா சார்?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு டின் கொடுத்தேன்.

அடுத்த முறை சிரித்துக்கொண்டே வந்தான். "எரிச்சல் போன இடம் தெரியல சார். மேலு அப்படியே மரத்துப்போச்சி. எங்க ஆளுவளுக்கும் குடுங்க."

மரத்துப்போவதுதான் அந்த விஷத்தின் முதல் வேலை. எனக்குத் தெரியும். பீப்பாயையே உருட்டிவிட்டேன்.

பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒண்ணுக்குக் கறுப்பாப் போகுது சார்." விஷம் உள்ளே இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

"சூட்டுல அப்படித்தான் போவும்டே. இளநி குடி" என்றேன். கையோடு இன்னொரு டின்னும் கொடுத்தனுப்பினேன்.

ரோச் செத்தான். அவனோடு முங்கியவர்களும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். நான் அழுதேன் ஐயா. கல்லறைத் தோட்டம்வரை நடந்தும் போனேன். தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதையும் சேர்த்து எழுதுங்கள்: இன்று அந்தக் கரையில் மீன் துள்ளுகிறது. அங்கே முங்க ஆளில்லை என்பது வேறு விஷயம். ஒரு செம்பு மொண்டு எங்கே வேண்டுமானாலும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை.