மருந்து ஏறும்வரை

— அப்பாவுக்குத் தலையணை வச்சது யாரும்மா?

— நான்தான் சிஸ்டர். கழுத்து வலிக்குதுன்னார்.

— எடுத்துடுங்க. மருந்து ஏறி முடியுற வரைக்கும் மட்டமாத்தான் படுக்கணும். ஐயா, எந்திரிக்காதீங்க.

— எந்திரிக்காம? வெளியில ஸ்கூல் வேன் நிக்குது நர்சம்மா. உள்ள பிள்ளைங்க. ஒவ்வொண்ணையும் வீட்டு வாசல்ல விட்டாகணும்.

— பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சுப்பா. உங்க மாப்பிள்ளைதான் கொண்டுபோய் விட்டார்.

— அவரா? சரியாப்போச்சு போ! என் வண்டியோட கிளட்ச் அவர் பேச்சைக் கேட்குமா?

— கேட்டுச்சாம்ப்பா. நீங்க பேசாம படுங்க.

— எதுக்குப் படுக்கணும்? கல்லு மாதிரி இருக்கேன்.

— அப்படியா? இடது கையைத் தூக்குங்க ஐயா, பாப்போம்.

— தூக்கிட்டேனே.

— இல்லப்பா... தூக்கலை.

— உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா பாப்பா? அது கிடக்கட்டும், என் வயித்து மேல யாரு கை இது?

— உங்க கைதான் ஐயா.

— விளையாடாதீங்க நர்சம்மா. ஏதோ பிள்ளை அசந்து தூங்கிட்டு மேல போட்டிருக்கு. மெதுவா எடுத்து வை பாப்பா. முழிச்சா அழும்.

— சிஸ்டர்... அப்பாவுக்குப் புத்தி...

— புத்திக்கு ஒண்ணுமில்லம்மா. வலது பக்க மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சா சில பேருக்கு இடது கை தன்னோடதுன்னே தெரியாது. அடைப்பைக் கரைக்கத்தான் இந்த மருந்து. நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க.

— ஒரு பிள்ளையோட அம்மாதான் பார்த்திருக்காங்க, வேன் கோணலா நிக்குதேன்னு. பிரேக் போட்டு, சாவியை எடுத்து சட்டைப் பையில வச்சிருந்தாராம். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்ல.

— பெரிய மனுஷன்தான்.

— சிஸ்டர், அங்க பாருங்க, பிரஷர் நூத்திப் பத்துக்கு வந்துடுச்சு! நல்லதுதானே? வீட்டுல மாத்திரை போட்டும் நூத்தி அறுபதுக்குக் கீழ இறங்காது.

— நூத்திப் பத்தா? கொஞ்சம் நகருங்கம்மா. ஐயா! கண்ணைத் திறங்க! ஐயா!

— தூக்கம்... வருது...

— அப்பா! சிஸ்டர், குறைஞ்சா நல்லதில்லையா?

— மத்த நாள்ல நல்லது. இப்போ பெரிய குழாய் அடைஞ்சு கிடக்கு. பக்கத்துல இருக்கிற சின்னக் குழாய்ங்க வழியா வர்ற ரத்தத்துலதான் அந்தப் பக்கத்து மூளை உயிரோட இருக்கு. பிரஷர் விழுந்தா அதுவும் போய்ச் சேராது. ரொம்ப ஏறிட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும். ரெண்டுக்கும் நடுவுல பிடிச்சு வைக்கணும். காலையிலேர்ந்து தண்ணி குடிச்சாரா?

— வண்டி எடுத்தா குடிக்கவே மாட்டார். பிள்ளைங்களை விட்டுட்டு நடுவுல ஒதுங்க முடியாதும்பார்.

— அதான். உடம்பு வறண்டு கிடக்கு. ஹலோ, டாக்டர்? நூத்திப் பத்து, கண்ணு சொருகுது. சரி, சலைன் வேகமா விடுறேன். உடனே வாங்க.

— நான் என்ன பண்ணட்டும் சிஸ்டர்?

— அந்த இடது கையைப் பிடிச்சுக்குங்க. பேசிட்டே இருங்க.

— அப்பா... கேட்குதா? முன் சீட்டுல உட்காருமே, ரெட்டைப் பின்னல் குட்டி, அது மாப்பிள்ளையைத் திட்டிடுச்சாம்ப்பா. வீட்டு முன்னாடி ரெண்டு தடவை ஹார்ன் அடிக்கணுமாமே, இவர் ஒரு தடவைதான் அடிச்சாராம். இறங்கவே மாட்டேன்னுடுச்சாம்.

— நூத்தி இருபது. பேசுங்க.

— திரும்பவும் அடிச்ச பிறகுதான் இறங்குச்சாம். நாளைக்கு எங்க அங்கிள்தான் வரணும்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்குப்பா. நான் என்னன்னு பதில் சொல்ல? சொல்லுங்கப்பா...

— நூத்தி நாப்பத்தஞ்சு. அப்பாடா. இங்கயே நிக்கட்டும். அழாதீங்கம்மா.

— அழலை சிஸ்டர். கையைப் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்.

— பாப்பா...

— அப்பா! என்னப்பா?

— நகத்தை வெட்டித் தொலையேன். என் கையில குத்துது.