கரைப் பக்கத்து நாடா

"ஹலோ... ஆமாங்க, கந்தன்தான்... சொல்லுங்க சார்... ம்... எப்போ?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கந்தன் தறியில் ஊடுநூல் பாய்ச்சும் நாடாவை வீசினான். கையெட்டும் தூரத்தில் அம்மா வடிவாம்பாள். புடவையின் உடலுக்கு அவன் நாடா, கரைக்கு அவள் நாடா. ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். தறியில் இருந்தது தம்பி தேவேந்திரனின் கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை.

பேசியவர் தம்பியின் படைப்பிரிவில் அவனுக்குக் கீழே ரிசால்தாராக இருக்கும் அந்தோணி. அந்தப் பிரிவுக்குப் பேர்தான் குதிரைப்படை, ஓட்டுவதெல்லாம் டாங்கி. அதில் தேவேந்திரன் கேப்டன். போன வருஷம் வீரப்பதக்கம் வாங்கியவன். எல்லைச் சண்டையில் இன்று விடியலில் செத்துப்போய்விட்டான்.

அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கந்தனின் மனைவி கலையரசி நர்ஸ். அவள் வேலை முடிந்து வரும்வரையாவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

"யாருமில்லமா, ஜரிகைக்கார நாயுடு... சரக்கு விஷயமாப் பேசிக்கினு இருக்காரு... நீ போடுமா."

அம்மா கரை நாடாவைப் போட்டாள். போன் பேச்சு அவளுக்குக் கேட்காதபடி தறிச்சத்தம் பெரிதாகட்டும் என்று அவன் பலகையை ஓங்கி அடித்தான்.

"சொல்லுங்க... ஆமா, ஆமா... ரெண்டு பேரும் வெளியே வந்தாச்சா... அதோட நின்னிருக்கலாமே சார்... திரும்ப எதுக்கு..."

பக்கத்து டாங்கி எரிந்திருக்கிறது. தன் டாங்கியிலிருந்து குதித்து ஓடிப்போய் இரண்டு பேரை இழுத்துப் போட்டிருக்கிறான் தேவேந்திரன். மூன்றாவது ஆளுக்காக மறுபடி நெருப்புக்குள் போயிருக்கிறான். அவரையும் வெளியே தள்ளிவிட்ட பிறகுதான் அடுத்த குண்டு விழுந்தது.

"என்னம்மா?... ஒண்ணுமில்ல, விலை ஏறிப்போச்சாம்... நீ போடு."

நாடா போயிற்று. நாடா வந்தது.

"அந்த மூணாவது ஆளு... இப்ப எப்படி இருக்காரு?... ஹலோ?... சார்... நீங்களா?"

அந்த மூன்றாவது ஆள் அந்தோணியேதான்.

"...அழாதீங்க சார்... இல்ல, இல்ல, உங்க மேல என்ன தப்பு... அழாதீங்க..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாயுடுவை அவன் என்றைக்கும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஜரிகை விலைக்கு நாயுடு அழுததும் இல்லை.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் நாடாவை வீசினான். கரைப் பக்கத்திலிருந்து அம்மாவின் நாடா வரவில்லை.

சாவு விழுந்த வீட்டில் தறியைத் தொடுவதில்லை. அம்மா தன் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, பாதிப் புடவையின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மூடி முடித்து, ஓரத்தைச் சரிசெய்து, அதன் பிறகே அவனைப் பார்த்தாள். மெல்ல ஏதோ கேட்டாள்.

"சார், வைக்காதீங்க... ஆமா, தெரிஞ்சிபோச்சு... இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க... அம்மா கேக்கறாங்க சார்... அங்க உங்களப் பாத்துக்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னு... ஹலோ?... சார்?..."

லைன் அறுந்திருந்தது.