மூன்று பெயர்க்காரன் கேட்ட கேள்வி

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் காஜா பேராங் போகும் பஸ்ஸின் முகப்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் பசார் கூடைகள். மூத்தவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

"எங்க பின்னறையில குடியிருக்கறவன் யாரையோ கொல்லப் போறான்," என்றாள் அவள்.

"அவரு பத்திரிகைக்கு மர்மக் கதை எழுதறவராச்சே அண்ணி?" என்றாள் இளையவள்.

"அப்படித்தான் சொல்லிக்கிறான். தபால்காரன் எந்தப் பேரக் கூப்பிட்டாலும் இவனே ஓடி வர்றான். நல்லவனுக்கு எதுக்கு மூணு பேரு?"

"பத்திரிகைக்கு ஒரு புனைபேரு வச்சிருப்பாரு."

"இருக்கட்டும். முந்தாநாள் என்கிட்டயே வந்து, தோட்டத்துப் புல்லுக்கு அடிக்கற விஷத்தக் கோப்பியில கலந்தா ருசி காட்டிக் குடுத்துடுமான்னு கேக்கறான்லா! மாத்தா ஸ்டேஷன்ல போயி போலீஸ்கிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"ஐயோ! நீங்க என்ன சொன்னீங்க?"

"சீனிய அள்ளிப் போட்டா ஒண்ணும் தெரியாதுன்னேன்."

இளையவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் தெங்கேரா முனையைத் தாண்டியதும் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"சாகறதுக்கு முந்தி கடைசியா நீங்க குடுத்த கோப்பி ரொம்ப இனிக்குதுன்னு எங்கண்ணன் சொன்னாரே, அண்ணி."

மூத்தவள் மணிக்கயிற்றை இழுத்தாள். அவர்கள் இறங்கவேண்டிய இடம் இன்னும் வரவில்லை.