பக்கத்து மணை

— வண்டிய நிறுத்துங்க மாமா.

— இன்னும் ஆலப்பாக்கமே வரல அருளு. முதுநகர் போயி வூட்டுல பேசிக்கலாம்.

— நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. ஹெல்மெட்ட கழட்டிட்டு என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. ஒங்க தங்கச்சி வளகாப்புல, அனுப்பிரியா பக்கத்துல இன்னொரு மணை போட்டாங்களா இல்லியா?

— போட்டாங்க.

— எதுக்குப் போடுறது அது?

— புள்ள இல்லாதவங்கள ஒக்கார வச்சி, அவங்களுக்கும் வளையல் போட்டா அடுத்து அவங்களுக்குத் தங்கும்னு சொல்லுவாங்க. அதுக்கு என்னா இப்ப?

— கல்யாணமாயி ஆறு வருஷமான அண்ணி நான் நிக்கிறேன். போன ஆவணியில தாலி கட்டிக்கிட்ட புஷ்பவள்ளியக் கூப்ட்டு ஒக்கார வைக்கிறாங்க ஒங்கம்மா. வெக்கத்த விட்டு சொல்றேன் மாமா, நானாவே ஒக்காரப் போனேன். பொடவைய சரி பண்ணி ஒரு கால மடிச்சிட்டேன். கையப் புடிச்சி எழுப்பி, நீ போயி பந்தியப் பாரு கண்ணுங்கிறாங்க. அம்மாம் பேரு முன்னாடி.

— அம்மா எதார்த்தமா சொல்லியிருக்கும். விடு.

— மூலமா இருக்குமோன்னு நான் வலியில அழுதப்பவும் விடுன்னீங்க. இப்பவும் விடு.

— ஒனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கையே கெடையாதே அருளு.

— இல்லதான். வளையல் போட்டா புள்ள பொறக்கும்னு நான் நம்பல. ஆனா அந்த மணையில ஒருத்திய ஒக்கார வச்சா, இவளுக்கு இன்னும் காலம் இருக்குன்னு அர்த்தம். எழுப்பி வுட்டா, இவ கதை முடிஞ்சிதுன்னு அர்த்தம். எனக்கு என்னா முடிஞ்சி போச்சி, சொல்லுங்க.

— ஒண்ணும் முடியல.

— பந்தியில நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. சௌந்தரம் சித்தி எலைக்கு பாயாசம் ஊத்துறேன். என் கையத் தடவிக் குடுத்துட்டு சொல்லுது, மனசத் தேத்திக்கம்மா, கர்ப்பப்பைய எடுத்தவளுங்க எத்தினி பேரு நல்லா வாழறாளுங்கன்னு. எனக்கு வாளி கைய விட்டே போச்சி. அதான் சாப்புடாம கௌம்பலாம்னேன்.

— சித்திக்கு என்னா தெரியும். வயித்துல ஆப்ரேஷன்னாலே அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

— எட்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு போர்டுல படம் போட்டு நடத்துறேன் மாமா, கொடல் எங்க இருக்கு, கர்ப்பப்பை எங்க இருக்குன்னு. அதுங்களுக்குப் புரியுது. ஒங்க சனத்துக்குப் புரியாதா? நாலு வருஷம் பட்டிருக்கேன். மாசா மாசம் அந்த மூணு நாளும் வெளிக்கிப் போனா உசுரு போயி உசுரு வரும், ரத்தமா போவும். ஒருத்தன் மூலம்னான், ஒருத்தன் சூடுன்னான். கருணைக்கெழங்கா தின்னு தீத்தேன். கடைசியில, கர்ப்பப்பைக்குள்ள வளர வேண்டிய சதை கொடல்ல போயி வளந்திருக்குன்னு கண்டுபுடிச்சி, கொடல நாலு வெரக்கடைக்கு வெட்டி எடுத்து சேத்துத் தச்சாங்க.

— நானும் கூடத்தானே இருந்தேன்.

— இருந்தீங்க. டாக்டரம்மா சொன்னதையும் கேட்டீங்க. கர்ப்பப்பை, முட்டைப்பை, ரெண்டு டியூபு எல்லாம் அப்படியே இருக்கு, தானாவே தங்கவும் வாய்ப்பு இருக்கு, காலத்த மட்டும் வீணாக்காதீங்கன்னாங்க. பத்து மாசம் ஓடிப் போச்சி. ஆப்ரேஷனுக்கு முன்னாடியே ஒங்களுக்கு எழுதிக் குடுத்த அந்த ஒரு டெஸ்ட்டுதான் பாக்கி. நைட்டு ஷிப்டுன்னீங்க. கம்பெனியில ஆடிட்டுன்னீங்க. அப்பறம் சபரிமலைக்கு மாலை. என் வயித்த கிழிச்சிப் பாத்தாச்சி, ஒங்களால ஒரு டப்பால புடிச்சிக் குடுக்க முடியல.

— எடுக்கலாம்னுதான் சொல்றேன்.

— அது அப்பறம். மொதல்ல ஒங்கம்மாவுக்குப் போனப் போடுங்க. எனக்குக் கர்ப்பப்பை இல்லன்னு ஊருக்கு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும்.

— வேணாம் அருளு. வேன்ல அனுவ கூட்டிக்கிட்டு வந்துகிட்டு இருக்கும். மாசமா இருக்குற பொண்ணு பக்கத்துல வச்சி இந்தப் பேச்சு வேணாம்.

— நீங்க போட வேணாம், நானே போட்டுட்டேன். ஸ்பீக்கர்ல வச்சிருக்கேன். அத்தை, நான்தான்.

— எங்க கண்ணு போயிட்டீங்க ரெண்டு பேரும்? ஒரு வாய் சோறு திங்காம. அண்ணி சொல்லாம போயிட்டாங்கன்னு அனு அழுவுது.

— என்ன ஏன் மணையிலேர்ந்து எழுப்பினீங்க?

— அதப் போயி இப்ப ஏன் கண்ணு.

— இப்பதான் வேணும் அத்தை.

— எப்படிம்மா ஒக்கார வைப்பேன். கர்ப்பப்பையே இல்லாத பொண்ண மணையில வச்சி, அடுத்து ஒனக்குத்தான்னு சந்தனம் பூசினா, நாலு பொம்பளைங்க வாயப் பொத்திக்கினு சிரிப்பாளுங்க. நான் பெத்த பொண்ணா இருந்தா அத பாத்துகினு இருப்பேனா? அதான் பந்திக்கு அனுப்பினேன். சௌந்தரத்துக்கிட்ட எல்லாம் மொத நாளே சொல்லி வச்சேன், எடுத்துட்டாங்க, விசேஷம் உண்டான்னு அவள யாரும் கேக்கக் கூடாதுன்னு. வேற எப்படி அவளுங்க வாய அடைக்கறது.

— எடுக்கல அத்தை. எல்லாம் அப்படியே இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுல இருக்கு, யார வேணும்னாலும் படிக்கச் சொல்லுங்க.

— என்னாம்மா சொல்ற.

— எடுத்துட்டாங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?

— ஒம் புருஷன் தமிழுதாம்மா. ஆப்ரேஷன் ஆயி மூணாம் நாளு, ஆஸ்பத்திரி மாடிப்படியில ஒக்காந்துகினு அழுதான். கையில ஒரு காயிதம். இனிமே புள்ள கெடையாதும்மா, அவகிட்ட இதப் பத்திக் கேக்காதன்னான். கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாடான்னு கேட்டேன். தலைய ஆட்டினான். எனக்கென்ன படிக்கவா தெரியும், ஒன் காயிதம்னு நெனச்சிகினேன்.

— மாமா. ரோட்ட ஏன் பாக்குறீங்க, என்னப் பாருங்க. ஒரு டெஸ்ட்டுக்கு பயந்துக்கிட்டா என் கர்ப்பப்பைய இல்லன்னு தலைய ஆட்டினீங்க?

— டேய் தமிழு, கேக்குதா? இருக்கறத ஏண்டா இல்லன்ன?

— டெஸ்ட்டு எடுத்துட்டேன் அருளு. நீ தியேட்டருக்குள்ள இருந்த அன்னிக்கே, எதுத்தாப்புல இருந்த லேப்புல. மூணாம் நாளு ரிசல்ட்டு குடுத்தாங்க. அம்மா பாத்த காயிதம் என்னோடது.